குக்ரியின் கேப்டனைத் தேடி டியூவுக்கு

வெள்ளி, நவஜீவன் எக்ஸ்பிரஸ்

சென்ட்ரலில் ரயில் நகர்ந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். போவது டியூவுக்கு. குஜராத்தின் தெற்கு ஓரத்தில், ஒரு பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும் சின்னத் தீவு. கடற்கரையும் கோட்டையும் இருக்கின்றன, பார்க்கத்தான் போகிறேன். ஆனால் இந்தப் பயணம் ஒரு மனிதருக்காக: கேப்டன் மகேந்திரநாத் முல்லா. 1971 பாகிஸ்தான் போரில், டிசம்பர் 9 அன்று இரவு, டியூவுக்கு அப்பால் அரபிக் கடலில் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரி, தான் தேடிப்போன பாகிஸ்தான் நீர்மூழ்கியாலேயே தாக்கப்பட்டு மூழ்கியபோது அதோடு போனவர்.

அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட எல்லோருக்கும் ஒரே ஒரு காட்சிதான் தெரியும். கப்பல் சாய்கிறது, கேப்டன் தன் நாற்காலியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைக்கிறார். எனக்கும் ரொம்ப நாள் அது மட்டும்தான் தெரியும். அந்தக் காட்சியைப் பொய் என்று நான் சொல்லவில்லை, உயிர் பிழைத்தவர்கள் சொன்னதுதான் அது. ஆனால் 45 வருஷம் வாழ்ந்த ஒரு மனிதரை அந்தச் சில நொடிகளுக்குள் அடைத்துவிடுவது அவருக்கு நாம் செய்கிற மரியாதையாக எனக்குப் படவில்லை.

முல்லா 1926 மே 15 அன்று உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் பிறந்தவர். கடலே இல்லாத ஊர். 1946 ஜனவரியில், நாட்டுக்கு விடுதலை கிடைப்பதற்கு முன்பே, அன்றைய ராயல் இந்தியக் கடற்படையில் கேடட்டாகச் சேர்ந்தார். அடுத்த மாதமே பம்பாயில் கடற்படை வீரர்களின் எழுச்சி வெடித்தது. அவர் சேரும்போது வெள்ளைக்கார அரசின் படையாக இருந்தது, பயிற்சி முடித்து 1948 மே 1 அன்று அதிகாரியாக வெளியே வரும்போது சுதந்திர நாட்டின் படையாகியிருந்தது. அந்த மாற்றத்தை உள்ளேயிருந்து பார்த்த தலைமுறை அவருடையது.

அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் செய்தது தினசரி வேலை. கண்ணிவாரிக் கப்பலில் மூன்று வருஷம் இருந்தார். கடலில் விதைத்த கண்ணிவெடிகளை வாரி எடுக்கும் சிறிய கப்பல் அது, பெயரும் புகழும் கிடைக்கிற இடம் இல்லை. ஐ.என்.எஸ். கிருஷ்ணாவில் நிர்வாக அதிகாரி, அதாவது கேப்டனுக்கு அடுத்த நிலை. கப்பலின் சுத்தம், ஒழுங்கு, சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஆளின் தலையில்தான் விழும். டிஸ்ட்ராயர் என்கிற பெரிய போர்க்கப்பல் ஒன்றுக்குத் தலைமை. லண்டனில் நம் தூதரகத்தில் துணைக் கடற்படை ஆலோசகர். சட்டத்தில் நல்ல பிடிப்பு உள்ளவர் என்பதால் கோர்ட் மார்ஷல் வழக்குகளிலும் அவரைத் தேடினார்கள். மனைவி, இரண்டு மகள்கள். 1971-ல் குக்ரியின் பொறுப்பும், குக்ரி சேர்ந்திருந்த 14-வது ஃப்ரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்) அணியின் பொறுப்பும் அவர் கையில் இருந்தன.

விஜயவாடா தாண்டும்போது இருட்டிவிட்டது. மீதி நாளைக்கு.

சனி, சூரத்துக்கு முன்னால்

இந்த ரயிலில் எனக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. கீழ் பெர்த்தில் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர், கடற்படையில் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவர், வதோதராவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். நான் மடியில் விரித்துவைத்திருந்த வரைபடத்தைப் பார்த்து அவரே பேச ஆரம்பித்தார். அவர் சேர்ந்தது போருக்குப் பல வருஷம் கழித்துத்தான். ஆனால் குக்ரி என்ற பெயரைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, நீர்மூழ்கியைத் தேடிப் போன கப்பல் ஏன் மெதுவா போச்சு? எதிரி சுத்துற இடத்துல வேகமா போகணும்னுதானே யாருக்கும் தோணும்?" என்று கேட்டேன். இந்த விஷயத்தில் என்னை ரொம்ப நாளாக உறுத்திய கேள்வி இதுதான்.

"தம்பி, சோனார்னா தண்ணிக்குள்ள சத்தத்தை வச்சுத் தேடுற கருவி, கப்பலோட காது. ஓடிக்கிட்டே ஒருத்தன் ரகசியம் பேசுறதைக் கேட்க முடியுமா? கப்பல் வேகமா போனா அதோட சத்தமே அதோட காதை அடைச்சிரும். மெதுவா போனாத்தான் தூரத்துல இருக்கிறது கேட்கும். ஆனா மெதுவா போற கப்பலை அடிக்கிறது சுலபம். ரெண்டு பக்கமும் கத்தி."

இதோடு கடல் தண்ணீரின் விஷயத்தையும் சொன்னார். மேலே வெயில் பட்டுச் சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர். இரண்டும் சேரும் அடுக்கில் ஒலி வளைந்துவிடும். அந்த அடுக்குக்குக் கீழே பதுங்கிய நீர்மூழ்கி, பக்கத்திலேயே இருந்தாலும் மேலே இருக்கிற கப்பலின் காதில் விழாமல் தப்பிவிடலாம். நீர்மூழ்கிக்காரர்களுக்கு இது பால பாடமாம்.

குக்ரியைப் பற்றியும் பேச்சு வந்தது. இங்கிலாந்தின் கௌஸ் நகரில் ஜே. சாமுவேல் ஒயிட் என்ற நிறுவனம் கட்டியது. 1956-ல் நீரில் இறங்கி, 1958 ஜூலையில் நம் கடற்படைக்கு வந்தது. பிரிட்டிஷ்காரர்களின் டைப் 14 வகை. நீர்மூழ்கி வேட்டைக்கென்றே, சிக்கனமாக, சீக்கிரம் கட்டுவதற்காக வரைந்த வடிவம். ஒரே ஒரு புரொப்பெல்லர். மூன்று 40 மி.மீ. போஃபர்ஸ் துப்பாக்கிகள், நீர்மூழ்கியைத் தாக்க இரண்டு லிம்போ மோர்ட்டார்கள். அவ்வளவுதான் ஆயுதம். நீளம் சுமார் 94 மீட்டர். இதே வகையில் கிர்பான், குடார் என்று இன்னும் இரண்டு கப்பல்கள், மூன்றும் சேர்ந்ததுதான் முல்லாவின் அணி.

எதிரில் வந்தது பாகிஸ்தான் கடற்படையின் பி.என்.எஸ். ஹாங்கோர். பிரான்ஸ் கட்டிய டாஃப்னே வகை நீர்மூழ்கி, 1969 டிசம்பரில்தான் படையில் சேர்ந்தது. நீருக்குள்ளேயே பாய்ந்து போய் வெடிக்கும் டார்பிடோவை ஏவ, முன்னால் எட்டு, பின்னால் நான்கு என்று பன்னிரண்டு குழாய்கள். ஐம்பதுகளின் சோனாரோடு இருந்த கப்பலை, அதைவிடத் தூரம் கேட்கக்கூடிய புது நீர்மூழ்கியைப் பிடிக்க அனுப்பினார்கள். யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதே கடைசியில் தலைகீழாகிவிட்டது.

வதோதரா வந்ததும் அவர் இறங்கினார். "அங்க போனா எனக்கும் சேர்த்து ஒரு சல்யூட் அடிச்சிருங்க தம்பி" என்றார். சரி என்றேன்.

ஞாயிறு, டியூ

அகமதாபாத்தில் இரவு சோம்நாத் எக்ஸ்பிரஸ் பிடித்து, காலையில் வேராவல். சோம்நாதர் கோயிலில் கூட்டம், கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். அங்கிருந்து பஸ்ஸில் ஊனா, ஊனாவிலிருந்து கோக்லா வழியாகப் பாலம் தாண்டி டியூ. பயணத்தில் சொல்வதற்கு வேறு பெரிதாக ஒன்றும் இல்லை, தூக்கமும் புழுதியும்தான். நாகோவா பக்கம் கிளை பிரிந்து நிற்கும் பனைகளை மட்டும் சொல்லியாக வேண்டும். ஹோக்கா என்கிறார்கள். ஒற்றைக் கழுத்தோடு நிற்கும் பனையையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, ஒரு பனை இரண்டாக, நான்காகப் பிரிவதைப் பார்ப்பது விசித்திரமாகத்தான் இருக்கிறது.

திங்கள், நினைவிடம்

காலையிலேயே ஆட்டோ பிடித்தேன். "குக்ரி மெமோரியல்" என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. சக்ரதீர்த் கடற்கரையை ஒட்டிய மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் கப்பலின் மாதிரி. 1999 டிசம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அதாவது கப்பல் மூழ்கி 28 வருஷம் கழித்து. இவ்வளவு தாமதமா என்று எனக்கு மனசு ஆறவில்லை.

மேட்டில் நின்றால் எதிரே முழுக்கக் கடல். இங்கிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் தள்ளித்தான் அது நடந்தது. அந்த நாட்களை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

டிசம்பர் 3 மாலை போர் தொடங்குகிறது. 4-ம் தேதி இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சிக்கு அருகே போய்த் தாக்குகின்றன. அந்த நாளைத்தான் இன்றும் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். 8-ம் தேதி இரவு கராச்சி மேல் இன்னொரு தாக்குதல். ஊரே வெற்றிச் செய்தியில் இருக்கும்போது, சௌராஷ்டிரக் கரைக்கு வெளியே ஒரு நீர்மூழ்கி இருப்பதை அதன் ரேடியோ ஒலிபரப்பை வைத்து நம்மவர்கள் கண்டுபிடிக்கிறார்கள். டியூ முனைக்குத் தென்மேற்கே. அதை வேட்டையாட 14-வது அணிக்கு உத்தரவு வருகிறது. குடார் இயந்திரக் கோளாறால் முடங்கிவிட்டதால், குக்ரியும் கிர்பானும் மட்டும் 8-ம் தேதி பம்பாயிலிருந்து கிளம்புகின்றன.

ஹாங்கோரின் தளபதி கமாண்டர் அகமது தஸ்னிம். இரண்டு கப்பல்களும் செவ்வகமாகச் சுற்றித் தேடுவதை அவர் கவனித்து, அவை திரும்பி வரப்போகிற பாதையில் போய்க் காத்திருந்தார். குக்ரி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கப்பலில் இருந்த ஓர் இளம் மின்பொறி அதிகாரி, சோனாரின் எட்டும் தூரத்தைக் கூட்ட ஒரு கருவியைப் பொருத்திச் சோதித்துக்கொண்டிருந்தார். அதற்கும் வேகம் குறைவாக இருக்க வேண்டும். தன் கப்பலின் காது போதாது என்று தெரிந்து, அதைச் சரிசெய்யப் போர்க்களத்திலேயே முயன்ற அந்த இளைஞரும் திரும்பி வரவில்லை.

ஹாங்கோர் முதலில் கிர்பானை நோக்கி ஒரு டார்பிடோ விட்டது, அது வெடிக்கவில்லை. அடுத்தது குக்ரிக்கு. மணி இரவு 8.50. 8.45 செய்திக்காகப் பலர் ரேடியோவைச் சுற்றி இருந்த நேரம் என்று பிழைத்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கப்பலின் அடியில் வெடித்தது. விளக்குகள் அணைந்தன. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்தது.

18 அதிகாரிகள், 176 மாலுமிகள். 194 பேர். பிழைத்தவர்கள் 67 பேர். கிர்பானால் அங்கே நிற்க முடியவில்லை. அதன் மோர்ட்டார் பழுதாகியிருந்தது, நீர்மூழ்கி இன்னும் கீழே இருந்தது. மறுநாள் ஐ.என்.எஸ். கட்சால் வந்து தண்ணீரில் மிதந்தவர்களை எடுத்தது. இரவு முழுவதும் டிசம்பர் கடலில் கிடந்தவர்கள் அவர்கள்.

விடுதலைக்குப் பிறகு இந்தியக் கடற்படை போரில் இழந்த ஒரே போர்க்கப்பல் குக்ரி. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நீர்மூழ்கி மூழ்கடித்த முதல் போர்க்கப்பலும் இதுதான்.

இந்தக் கப்பல்களை இந்தக் கருவிகளோடு அனுப்பியிருக்கலாமா என்ற கேள்வி கடற்படைக்குள்ளேயே பல வருஷம் ஓடியிருக்கிறது. என் கருத்தைச் சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்பது முல்லாவை அவமதிப்பதாகாது. வீரம் என்ற ஒரு சொல்லை மேலே போர்த்தி அந்தக் கேள்வியை மூடுவதுதான் அவருக்கும் மற்ற 193 பேருக்கும் செய்யும் அநியாயம். அவர்களுக்கு இன்னும் நல்ல சோனார் கிடைத்திருக்க வேண்டும்.

தூத்துக்குடி அண்ணன் சொன்னபடி சல்யூட் அடித்துவிட்டுத்தான் மேட்டிலிருந்து இறங்கினேன்.

செவ்வாய், இரண்டாவது குக்ரி

இதே பெயரில் இன்னொரு கப்பல் 1989 ஆகஸ்டில் படையில் சேர்ந்தது. பம்பாய் மசகான் டாக்கில் நம் நாட்டிலேயே கட்டிய ஏவுகணைக் கார்வெட், அதாவது சிறிய வகைப் போர்க்கப்பல். 32 வருஷம் ஓடி, 2021 டிசம்பரில் ஓய்வு பெற்றது. அதை டியூ நிர்வாகத்துக்குக் கொடுத்து அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். முதல் குக்ரி கடலடியில் கிடக்க, இரண்டாவது அதே ஊர்ப் பக்கம் வந்து நிற்கிறது.

உள்ளே போனால் முதலில் உடம்புக்குத் தெரிவது இடமின்மை. கிட்டத்தட்டச் செங்குத்தான இரும்பு ஏணிகள், தலை இடிக்கும் கதவுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கைகள். இது பிற்காலத்துக் கப்பல், முல்லாவின் கப்பல் இதைவிடப் பழைய வடிவம். நல்ல வெளிச்சத்தில், கப்பல் அசையாமல் நிற்கும்போதே கீழ்த்தளத்திலிருந்து மேலே வருவதற்கு எனக்கு மூச்சு வாங்கியது. இருட்டில், சாய்ந்துகொண்டே போகும் கப்பலில், தண்ணீர் ஏறும்போது? அத்தனை பேர் ஏன் வெளியே வர முடியவில்லை என்பது படித்தபோது புரியாதது, அந்த ஏணியில் நிற்கும்போது புரிந்தது.

மேலே பிரிட்ஜ். கப்பலை நடத்தும் அறை. இங்கே நின்றுகொண்டுதான் முல்லாவுக்குக் கொடுத்த, போர்க்கள வீரத்துக்கான மகா வீர் சக்ரா விருதின் குறிப்பை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அதில் சொல்லியிருப்பது இதுதான். கப்பலைக் கைவிட முடிவெடுத்தபின், தன் பாதுகாப்பைப் பார்க்காமல் ஆட்களை வெளியேற்றும் வேலையை அவர் நிதானமாக, முறையாக நடத்தினார். தன் உயிர்காப்புக் கவசத்தை ஒரு மாலுமியிடம் கொடுத்தார். முடிந்தவரை ஆட்களை இறக்கிவிட்டபின், இன்னும் என்ன செய்யலாம் என்று பார்க்கத் திரும்ப பிரிட்ஜுக்குப் போனார். கப்பலோடு மூழ்கும்போது கடைசியாகக் கண்டார்கள்.

"இன்னும் என்ன செய்யலாம் என்று பார்க்க". இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேப்டன் கப்பலோடு போக வேண்டும் என்று கடற்படையில் சட்டம் கிடையாது. அவர் சாகவேண்டும் என்று மேலே போகவில்லை, வேலை பாக்கி இருந்ததால் போனார். தயங்கி நின்ற இரண்டு இளம் அதிகாரிகளைத் தன் கையாலேயே தண்ணீரில் தள்ளிவிட்டார் என்பதும் பிழைத்தவர்கள் சொன்னதுதான். அந்த இருவரும் சிறு வயது ஆட்கள், கேப்டனை விட்டுப் போக மனசில்லாமல் நின்றவர்கள். வேறு வழி இல்லை என்று கண்டபோது அவர் பேச்சில் நேரம் கடத்தவில்லை.

சிகரெட்டும் நாற்காலியும் அதற்கு அப்புறம் வந்தவை, செய்ய ஒன்றும் மிச்சம் இல்லாதபோது. கிருஷ்ணாவில் நிர்வாக அதிகாரியாக இருந்தவர், கோர்ட் மார்ஷலில் ஒவ்வொரு வரியாகச் சாட்சியம் படித்தவர், கண்ணிவாரியில் மூன்று வருஷம் பொறுமையாக வேலை பார்த்தவர். அந்தக் கடைசி நிமிடங்களில் செயல்பட்டது அந்த மனிதர்தான் என்று நான் நினைக்கிறேன். திடீரென்று யாருக்கும் அப்படி வராது.

2000-ல் அஞ்சல் துறை அவர் படத்தோடு ஒரு தபால்தலை வெளியிட்டது.

புதன், வணக்பாராவும் கோட்டையும்

தீவின் மேற்கு முனையில் வணக்பாரா, மீனவர் ஊர். துறை முழுக்க விசைப்படகுகள். காயவைத்த மீன் வாசனை நம் ஊர்த் துறைகளில் அடிப்பது போலவேதான் அடிக்கிறது. வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் என் உடைந்த ஹிந்தியில் குக்ரியைப் பற்றிக் கேட்டேன். அவருக்கு அப்போது சின்ன வயது. "போர் நாளில் விளக்கு ஏற்றக் கூடாது பாய், கடலுக்குப் போகக் கூடாது. அது மட்டும் நினைவிருக்கிறது" என்றார். தூரத்துச் சண்டை, கரையில் இருப்பவனுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

மதியம் கோட்டை. போர்த்துகீசியர் 1535-ல் கட்டத் தொடங்கியது. சுவர்மேல் வரிசையாகப் பீரங்கிகள், கீழே நீருக்கு நடுவே பானிகோட்டா என்ற சின்னக் கோட்டை. இங்கே வந்ததில் எனக்கு இன்னொரு கடற்படை அதிகாரியின் நினைவும் சேர்ந்துகொண்டது.

1961 டிசம்பரில் கோவா, டாமன், டியூ மூன்றையும் இந்தியா மீட்டபோது, டியூவின் கடலில் வேகா என்ற ஒரு சிறிய போர்த்துகீசிய ரோந்துப் படகு இருந்தது. ஒரே ஒரு 20 மி.மீ. துப்பாக்கி. அதன் தலைவர் ஒலிவெய்ரா இ கார்மோ, 25 வயது இளைஞர். டிசம்பர் 18 காலை நம் விமானங்கள் தாக்கியபோது, வெள்ளைச் சீருடையை உடுத்திக்கொண்டு சண்டைக்கு இறங்கியதாகச் சொல்வார்கள். படகோடு போய்விட்டார். மறுநாள் டியூ இந்தியாவிடம் சரணடைந்தது.

டியூ நம் கைக்கு வந்ததில் எனக்கு ஒரு மறு எண்ணமும் இல்லை. 400 வருஷத்துக்கு மேல் நீடித்த அன்னிய ஆட்சி போயே ஆக வேண்டியது. ஆனாலும் முல்லாவைத் தேடி வந்தவன், அந்தப் பையனைத் தாண்டிப் போக முடியவில்லை. இவரும் தன்னைவிடப் பலமான எதிரிக்கு முன்னால் போதாத கருவியோடு நிறுத்தப்பட்டவர்தான். பத்து வருஷ இடைவெளியில், ஒரே கடலில், இரண்டு கொடிகளுக்குக் கீழே இரண்டு அதிகாரிகள். கோட்டைச் சுவரில் வேகாவுக்கு ஒரு சின்னப் பலகை வைத்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எதிர்ப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். குக்ரி மூழ்கிய இரவுக்குப் பின் நம் கப்பல்களும் விமானங்களும் நாட்கணக்கில் துரத்தியும் ஹாங்கோர் தப்பித்துக் கராச்சி போய்ச் சேர்ந்தது. தஸ்னிம் பின்னாளில் வைஸ் அட்மிரலாக ஓய்வு பெற்றார். 2006-ல் படையிலிருந்து விலகிய ஹாங்கோர் இப்போது கராச்சியின் கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. கராச்சியில் அதற்குள் ஏறிப் பார்க்கிறவர்களும் 194 பேரைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன்.

டியூவுக்கு வருகிறவர்களுக்கு: நினைவிடமும் கப்பலும் இரண்டு வேறு இடங்கள், ஒரே நாளில் இரண்டையும் ஓட்டமாக முடிக்காதீர்கள். கப்பலில் பிரிட்ஜுக்குப் போகும் முன் கீழ்த்தளத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், அங்கிருந்து மேல்தளத்துக்கு எத்தனை ஏணி ஏற வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். குழந்தைகளை அழைத்துப் போனால் கேப்டனைப் பற்றி மட்டும் சொல்லாதீர்கள், காது கேட்காத கப்பலுக்குக் காது பொருத்த முயன்ற அந்த மின்பொறி அதிகாரியைப் பற்றியும் சொல்லுங்கள். ஊனாவுக்கு மாலை பஸ் வந்துவிட்டது, ஏறுகிறேன்.